கணினிக்குள் சேரும் ‘கிரஃப்ட்’

சங்கரன்கோவில் என்ற ஊர்ப்பெயரைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். அதில் வரும் ‘கோ’தான் காரணம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகப் பதியலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகவும் பதியலாம். திரையில் கடுகளவும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றே என்று கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு சொல்கிறது. அதைக் கவனிக்காத மென்பொருளில் தேடினாலோ, பட்டியலில் இருக்கும் ஊரே இல்லை என்று பதில் வரும். ஒருமுறை சேர்த்த குறியெண்ணை நீக்குவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. எனவே இரண்டு வழிகளும் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இப்படிப் படிந்து, எடுக்கவும் முடியாமல் சுமையாகத் தங்கிவிடுவதை நிரலர்கள் ‘கிரஃப்ட்’ என்கிறார்கள்.

இந்தச் சொல் புழங்கத் தொடங்கிய இடம் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்களின் மாதிரி ரயில் கழகம். 1959இல் பீட்டர் சாம்சன் தொகுத்த கழக அகராதியில், அறையில் சேரும் குப்பை என்ற பொருளில் அது இடம்பெற்றது. ஹார்வர்டில் கிரஃப்ட் என்ற பெயரிலேயே ஓர் இயற்பியல் ஆய்வகம் உண்டு. அதன் சன்னல் வழியே தெரிந்த பழைய கருவிக் குவியலைப் பார்த்தே இந்தச் சொல் வந்தது என்பார்கள். அது செவிவழிக் கதை.

தமிழில் சேர்ந்த கிரஃப்டில் பெரும் பங்கு பாமினி போன்ற பழைய எழுத்துருக்களால் வந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை அவை. பழைய ஆடித்தபசுத் திருவிழா அழைப்பிதழ்க் கோப்பு ஒன்றைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அந்த ஏற்பாட்டை அன்று தவறென்று சொல்லியிருக்க முடியாது. வேறு வழியில்லாத காலத்தில் தமிழை அச்சேற்றியவை இந்த எழுத்துருக்கள்தாம். யூனிகோடில் 1991லேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை ஏற்றது. ஆனாலும் டிடிபி வேலையில் பாமினி இன்னும் ஓயவில்லை. கை பழகிவிட்டது, பழைய கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன.

பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். அந்த இடமாற்றத்தைச் செயலியே செய்துவிடும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் தமிழ் எழுத்துக் குழப்பமாக மாறிவிடும். அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். ஊர் மலர்களையும் கோயில் வரலாறுகளையும் பாமினியில் வைத்திருப்பவர்கள், திறக்க ஆள் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.