பெரிய டயருக்கு இடம் செய்தல்

கொலராடோ மலைப்பாதைகளுக்கென்று பழைய ஜீப் செரோக்கியைக் கொண்டுவருகிற எல்லோரும் பெரிய டயர்தான் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். அந்தச் செரோக்கி, 1984 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ஜே மாடல். அதில் பரவலாக இருந்த 225/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 28 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால் அச்சு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் உயரும். பாறையில் முதலில் இடிபடுவது அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் என்பதால் அந்த உயரம் பெரிய விஷயம். ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினால் பாடி மட்டுமே மேலே போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

டயர் உரசக்கூடாதென்று ஆறு அங்குலம்வரை தூக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாரம் மேலே ஏற ஏற, பக்கச் சரிவில் வண்டி கவிழ்வது சுலபமாகிவிடும். மூன்று அங்குலத்தோடு நிறுத்திவிட்டு மட்கார்டை வெட்டச் சொல்வேன்.

முன்பக்கம் எளிது. போல்ட்டில் நிற்கும் ஒற்றைத் தகரம்; கோடு போட்டு வெட்டி, விளிம்பைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் முடிந்தது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்துக் கோடு போட வேண்டும், அவ்வளவுதான்.

பின்பக்கம்தான் உண்மையான வேலை. எக்ஸ்ஜேவுக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். சக்கர வளைவில் வெளித்தகரமும் உள்தகரமும் ஸ்பாட் வெல்டிங்கில் இணைந்திருக்கும். அந்த இணைப்பை வெட்டியெறிந்து அப்படியே விட்டால் பலமும் போகும், இடைவெளியில் சேறு புகுந்து துருவும் பிடிக்கும். அதனால் வெளித்தகரத்தை மட்டும் மேலே வரை வெட்டி, உள்தகரத்தை நீளமாக விட்டுவைக்கிறேன். அதில் விரலகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு துண்டாகச் சுத்தியலால் வெளித்தகரத்தோடு மடித்துச் சேர்ப்பேன். பிறகு மிக் வெல்டிங். மெல்லிய தகரம் என்பதால் ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, நடுவில் ஆறவிட வேண்டும்.

நெருப்பைப் பற்றி அலட்சியமே கூடாது. எரிபொருள் டேங்க் வண்டியின் பின்பகுதியில், பெட்ரோல் ஊற்றும் குழாய் இடது பின்பக்கத்தில். டேங்கையும் குழாயையும் கழற்றி அப்பால் வைத்த பிறகே கிரைண்டரைத் தொடுவேன். பேட்டரி இணைப்பையும் உள்ளே இருக்கும் கார்பெட்டையும் எடுத்துவிட வேண்டும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெல்டிங்கைத் தேய்த்து, பிரைமர் அடித்து, இணைப்பு முழுக்க சீலர் பூசி, அதன்மேல் பெயின்ட். நான்கு கதவு வண்டியில் பின்கதவின் கீழ்மூலையும் சக்கர வளைவுக்குள் வருகிறது. கதவை மூடிவைத்து, ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் முடிந்தவரை மேலே தள்ளி, டயர் அந்த மூலையில் படுகிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுக்கிறேன்.