ஏறின வாரத்தை எழுதுங்க!

புழுதிக்கால் – 12

கீரனூரில் ஒரு தம்பி இருக்கிறார். பகலில் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருவார். சாயங்காலம் பொடியன்களோடு பந்தாடுவார். ராத்திரி, ஸ்வீடன்காரர்கள் 1997-ல் தொடங்கிய ‘ஹாட்ரிக்’ என்ற இணைய விளையாட்டில் ஒரு கால்பந்து அணியை நடத்துவார். அதில் பந்தை உதைக்கிற வேலையே கிடையாது. ஆளைப் பொறுக்கி எடுக்க வேண்டும், எதில் பயிற்சி கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் கணக்குப் பார்க்க வேண்டும். முழுக்க மேனேஜர் உத்தியோகம்தான்.

என்னை அங்கேயே உட்கார வைத்தது அவருடைய நோட்டு. ஒவ்வொரு பையன் பேருக்கு நேரேயும் வயது, ஆடிய இடம், ஆடிய நிமிடம், அப்போதைய பயிற்சியாளர் எப்படிப்பட்டவர், திறமை ஒரு படி ஏறியது எந்த வாரம் என்று பேனாவால் கட்டம் போட்டு எழுதியிருந்தார். “எந்தப் படியில நிக்கிறான்னு எழுதி பிரயோஜனம் இல்லண்ணே. ஏறின வாரத்தை எழுதுங்க, அப்பத்தான் ஆளு தெரியும்” என்றார்.

அந்த விளையாட்டில் திறமையை முழுப் படிகளாகத்தான் காட்டுவார்கள். இரண்டு படிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பது திரைக்குப் பின்னால் இருக்கும். நேற்று ஏறியவனும் நாளை அடுத்த படிக்கு ஏறப்போகிறவனும் இன்றைக்குப் பார்த்தால் ஒரே மாதிரிதான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே எத்தனை வாரம் என்று எண்ணவேண்டும். எண்ணினாலும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது. 17 வயதுக்காரன் சீக்கிரம் ஏறுவான், 25 வயதுக்காரனுக்கு நாளாகும். மேல்படிக்குப் போகப் போக ஏற்றம் தாமதப்படும். பயிற்சிக்குரிய இடத்தில் 90 நிமிடமும் ஆடியவனுக்குத்தான் பயிற்சி முழுசாகச் சேரும். அரை மணி நேரம் ஆடியவனுக்கு அதற்குத் தக்கபடிதான். பயிற்சியாளரின் தரமும் கணக்கில் வரும். இவ்வளவையும் சரிக்குச் சரி ஆக்கிப் பார்க்காமல் ‘இவன் மந்தம்’ என்று விற்றுவிட்டால் நஷ்டம் விற்றவருக்குத்தான்.

‘மேனேஜர்ஸோன்’ என்று இன்னொன்று. அதுவும் ஸ்வீடன் சரக்குதான். அங்கே ஒவ்வொரு பையனுக்கும் கற்கும் வேகமே வேறுபடும். ‘ஃபுட்பால் மேனேஜர்’ விளையாட்டிலோ, ஒவ்வொருவரும் கடைசியில் எவ்வளவு உயரம் போகமுடியும் என்பதற்கு 200 வரை ஒரு மறைவெண் உண்டு. இதன் தகவல் களஞ்சியத்தைப் பயன்படுத்திக்கொள்ள 2008-ல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகமே ஒப்பந்தம் போட்டது. விளையாட்டுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யார் உடம்பிலும் அப்படி ஒரு எண் எழுதியிருக்கவில்லை. இருப்பதுபோல நினைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பிரிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோருக்கும் ‘உலகத் திறனாய்வு உடல்திறன் தேர்வு’ தெரியும். 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஓடவிட்டு, நீளம் தாண்டவிட்டு, குண்டு எறியவிட்டுப் பார்க்கும் தேர்வு. கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரு வாசல் திறக்கிறது என்பதால் அதை நான் மதிக்கிறேன். என் கவலை அந்த வயதைப் பற்றியது. பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் மடமடவென்று வளர்வார்கள். சில பிள்ளைகளுக்கு இது ஒன்றிரண்டு வருடம் முன்னதாகவே வந்துவிடும், சிலருக்குப் பிந்தும். ஆக, ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், இன்னொருவன் இன்னும் குழந்தை. குண்டு எறிதலில் முன்னவன் ஜெயிப்பதற்குத் திறமைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

பிறந்த மாதமும் இதில் சேர்ந்துகொள்ளும். உலகக் கால்பந்தில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லை. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணிகளைப் புரட்டினால், வருட முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பார்கள். டிசம்பரில் பிறந்தவர்கள் திறமை குறைந்தா பிறந்தார்கள்? பதினோரு மாதம் இளையவர்கள், அவ்வளவுதான். ஜேமி வார்டியை ஷெஃபீல்டு வெட்னெஸ்டே கழகம் 16 வயதில் ஆள் குள்ளம் என்று அனுப்பிவிட்டது. 2016-ல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வென்றபோது அந்த அணிக்குக் கோல் அடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

நம் பக்கத்து ஆளையே பார்க்கலாம். காரைக்குடி அருகே கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். 2020-ல் பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்தார். 2022 டுராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் அவருடையது. பெங்களூரு 2-1 என்று வென்றது. அந்தப் பருவத்து ஐ.எஸ்.எல். போட்டியில் வளரும் வீரர் விருதும் அவருக்குத்தான். எனக்கு இதில் கோல்களைவிட முக்கியமாகப் படுவது, 2020-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட காலம். யாரோ பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தப் பொறுமைக்கு நோட்டு வேண்டும். கீரனூர் தம்பி இப்போது சாயங்காலப் பொடியன்களுக்கும் ஒன்று போட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை, அதே சுவர், அதே தூரம், ஒரு நிமிடம்: இடது காலால் மட்டும் பந்தைச் சுவரில் அடித்து எத்தனை முறை திரும்ப வாங்குகிறான்? நான் போன அன்று ஒரு சின்னப் பையன் எண்ணிக்கொண்டே அடித்தான். பந்து கல்லில் பட்டு விலகியபோதெல்லாம் எண்ணுவதை நிறுத்தாமல் ஓடிப்போய் எடுத்துவந்தான். போன மாதத்தைவிட ஆறு கூடியிருந்தது. மொத்தத்தில் அவன் இன்னும் கடைசி ஆள்தான். ஆனால் அந்த மாதம் ஆறு கூடியவர்கள் வேறு யாரும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் அளக்கிறார், நின்ற உயரம் ஒன்று, பெஞ்சில் உட்கார்ந்த உயரம் ஒன்று. கால் முதலில் நீளும், உடம்பு பிறகு நீளும் என்பதால் இரண்டும் தேவை. கால் நீளும் மாதங்களில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையனுக்கும் பந்து நிற்காது, முழங்காலுக்குக் கீழே வலிக்கும். விஷயம் தெரியாத ஆள் ‘கவனம் போய்விட்டது’ என்று திட்டுவார். நோட்டைப் பார்த்தால் திட்டத் தோன்றாது. தம்பி ஓட்டத்தைக் குறைத்து, பந்தைக் காலடியில் வைத்துப் பழகச் சொல்வார்.

திறனாய்வுத் தேர்வை நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஜூனில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை என்று இரண்டு தடவை அளந்து, இடையில் கூடியது எவ்வளவு என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். கூடவே அந்தப் பிள்ளையைத் தினமும் பார்க்கும் உடற்கல்வி ஆசிரியரின் நோட்டையும் தேர்வு மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாங்கிப் படித்துவிட்டு, பிறகு பட்டியலை எழுதுங்கள்.