கணினி எழுதும் கடிதங்களும் சங்கங்களின் கடப்பாடும்

பழைய மாணவர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிவாசல் நிருவாக சபைகள், மரண உதவிச் சங்கங்கள் போன்றவற்றின் அங்கத்தவர் பதிவேடுகள் படிப்படியாகக் கணினிக்கு மாறி வருகின்றன. செயலாளர் ஒருவர் இரவிரவாக விழித்திருந்து எழுதிய சந்தா நினைவூட்டல்களை இன்று மென்பொருளொன்று சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்பிவிடுகின்றது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், சந்தாவை முறையாகச் செலுத்தியவருக்கும் "நிலுவையைச் செலுத்துக" என்ற கடிதம் போய்ச் சேருமாயின், அது அவரது மனதைப் புண்படுத்துவதுடன் சங்கத்தின் மீதான நம்பிக்கையையும் குலைத்துவிடுகின்றது.

இத்தகைய தவறுகளைத் தவிர்ப்பதற்கெனவே வார்ப்புருக்களில் நிபந்தனைகளைச் சேர்க்கும் முறை உருவானது. வார்ப்புரு என்பது பெயர், தொகை, திகதி ஆகியவற்றுக்கு வெற்றிடம் விடப்பட்ட ஒரு மாதிரிக் கடிதமாகும். அதனுள் "இவ்வாறாயின் இப்பந்தியைக் காட்டுக, இல்லையேல் அப்பந்தியைக் காட்டுக" என்னும் கட்டளையை எழுதிவைத்தால், ஒரே வார்ப்புருவிலிருந்து ஒவ்வொருவருக்கும் பொருத்தமான கடிதம் பிறக்கின்றது. மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளில் உள்ள அஞ்சல் ஒன்றிணைப்பு வசதியிலும் இதனைச் செய்யலாம். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்காக 2005 ஆம் ஆண்டளவில் தோன்றிய சிவிசிஆர்எம் என்னும் திறந்த மூல மென்பொருளில், ஸ்மார்ட்டி என்னும் வார்ப்புரு மொழி இப்பணிக்குப் பயன்படுகின்றது.

நிபந்தனை எழுதுவது இலகுவானது போலத் தோன்றினாலும், அதன் ஒழுங்குமுறையிலேயே சிக்கல் அடங்கியுள்ளது. "முடிவுத் திகதி கடந்திருப்பின் நினைவூட்டல், இல்லையேல் நன்றி" என்று மட்டும் எழுதிவைத்தால் என்ன நிகழும்? ஆயுட்கால அங்கத்தவருக்கு முடிவுத் திகதியே இல்லை. அவ்விடம் வெறுமையாக இருக்கும். வெறுமையான திகதியை இன்றைய திகதிக்கு முற்பட்டதாகக் கருதும் மென்பொருள்கள் உள்ளன. அவ்வாறாயின், சங்கத்தின் மூத்த அங்கத்தவர்களுக்கே "உமது அங்கத்துவம் காலாவதியாகிவிட்டது" என்ற கடிதம் செல்லும். எனவே, ஆயுட்கால அங்கத்தவரா என்பதை முதலிலும், திகதி பதியப்பட்டுள்ளதா என்பதை அடுத்தும், அது கடந்துவிட்டதா என்பதை அதன் பின்னரும் வினவுதல் வேண்டும். திகதி பதியப்படாதவருக்குக் கடிதம் அனுப்பாது, அவரது பெயரைச் செயலாளரின் கவனத்துக்குக் கொண்டுவருவதே முறையாகும்.

பெயர் விடயத்திலும் கவனம் தேவை. மேலைநாட்டு வழக்கை ஒட்டி முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கூறுகளாகப் பதியும் மென்பொருள்கள் எமது வழக்குக்குப் பொருந்துவதில்லை. தந்தையின் பெயர் முன்னே வருவதால் மகனுக்குரிய கடிதம் "அன்புள்ள கந்தசாமி" எனத் தந்தையை விளிக்கின்றது. முஸ்லிம் அங்கத்தவர் பலருக்கு "அன்புள்ள முஹம்மத்" என்ற ஒரே விளிப்புச் செல்கின்றது. அழைக்கும் பெயர் என்றொரு தனிக்கூறினைச் சேர்த்து, அது நிரப்பப்பட்டிருப்பின் அதனையும், இல்லையேல் முழுப் பெயரையும் இடுமாறு நிபந்தனை அமைத்தால் இக்குறை நீங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மொழி. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர் விளங்காத மொழியில் வந்த அரச கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை வாசிப்பிக்க ஆள் தேடிய அனுபவம் தமிழ் பேசும் மக்களுக்குப் புதிதன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்பாடும் உரிமையை விரித்துரைத்தது. இக்கடப்பாடு அரசுக்கு உரியதாயினும், அதன் நியாயம் பல மொழியினரைக் கொண்ட எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும்.

மொழியைப் பெயரிலிருந்தோ மதத்திலிருந்தோ ஊகித்து நிபந்தனை எழுதுவது பெருந்தவறு. பெர்னாண்டோ என்ற பெயர் தமிழரிடத்தும் உண்டு, சிங்களவரிடத்தும் உண்டு. சிங்கள மொழிமூலம் கற்ற முஸ்லிம்களும் உளர். ஆதலால் விண்ணப்பப் படிவத்திலேயே விருப்ப மொழியைக் கேட்டுப் பதிய வேண்டும். பதியப்படாதவருக்கு எம்மொழியில் கடிதம் செல்கின்றது என்பதைத் தீர்மானிப்பது "இல்லையேல்" என்னும் ஒற்றைச் சொல்லே. யாரை இயல்பான அங்கத்தவராகவும் யாரை விதிவிலக்காகவும் அச்சங்கம் கருதுகின்றது என்பதை அச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். அவ்விடத்தில் ஒரு மொழியைத் திணிக்காது, சகல மொழிகளிலும் கடிதத்தை அனுப்புவதே நேர்மையானது.

மற்றுமொரு எச்சரிக்கையும் அவசியமாகின்றது. இணையப் பக்கமொன்றில் ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதும், அதனை அனுப்பாமலே விடுவதும் ஒன்றல்ல. திரையில் மறைக்கப்பட்டதைப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து எவரும் வாசிக்க முடியும். ஸகாத் பெறுவோர், மருத்துவ உதவி பெறுவோர் ஆகியோரின் விபரங்களை இவ்வாறு மறைத்துவிட்டு நிம்மதியடைதல் ஆகாது. உரிமையற்றவருக்கு அத்தரவு வழங்கியிலிருந்தே வெளியேறாதவாறு தடுக்கப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ள இந்நாட்டில் இது வெறும் நாகரிகம் சார்ந்த விடயமன்று.

நிபந்தனைகளை எழுதும் பொறுப்பைக் கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிருவாக சபைகள் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. யாருக்கு எது சொல்லப்படும் என்பதை எளிய தமிழில் எழுதிச் சபையில் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆயுட்கால அங்கத்தவர், நிலுவையுள்ளவர், மொழி பதியாதவர் என வகைக்கு ஒருவராக மாதிரிக் கடிதங்களை எடுத்துப் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். கடிதத்தைக் கணினி எழுதினாலும், அதன் அடியில் இருப்பது சங்கத்தின் கையொப்பமே என்பதை நிருவாகிகள் மறந்துவிடலாகாது.