படபடப்பு வந்தால் நாடியைப் பிடியுங்கள்

இரவு ஷிப்ட் முடிந்து வடமதுரை பேருந்து நிறுத்தத்தில் மில் வேனிலிருந்து இறங்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "நாலு படி ஏறுனாலே நெஞ்சு படபடங்குதுக்கா" என்று ஒருவராவது சொல்வார். "கேஸா இருக்கும், ஒரு சோடா குடி" என்பார் பக்கத்தில் நிற்பவர். பேச்சு அதோடு முடிந்துவிடும். அப்படி முடியக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வில் இருக்கும்போது பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்பு நமக்குத் தெரிவதில்லை. தெரிய ஆரம்பித்தால் அதுதான் படபடப்பு. அது ஒரு நோய் அல்ல, அறிகுறி மட்டுமே. பயம், காய்ச்சல், தூக்கமின்மை, வெயிலில் நீர் வற்றுவது, அடுத்தடுத்துக் குடிக்கும் டீ, மூக்கடைப்புக்குப் போடும் சில சளி மாத்திரைகள் என எதனாலும் வரலாம்.

ஆனால் நம் ஊர்ப் பெண்களிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தசோகையை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால், இருக்கிற ரத்தத்தை வேகவேகமாகச் சுற்றவிட்டு இதயம் ஈடுகட்டப் பார்க்கிறது. படியேறும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். இதை 'மனப்பயம்' என்று தள்ளிவிடுவது பெரிய அநியாயம். ஹீமோகுளோபினோடு தைராய்டையும் பரிசோதித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது.

சிலருக்கு ஒரு துடிப்பு நின்றதுபோலத் தோன்றி, அடுத்தது 'திடுக்'கென்று நெஞ்சில் முட்டும். உண்மையில் நடப்பது வேறு. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அதன்பின் சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் இதயத்தில் கூடுதலாக ரத்தம் நிறைவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. இதய நோய் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் இதனால் ஆபத்தில்லை.

நாடி சுவிட்ச் போட்டதுபோல் திடீரென 150, 180 என்று ஓடி, அதேபோல் சட்டென நின்றால், அது இதயத்தின் மின்னோட்டப் பாதையில் உள்ள கோளாறாக இருக்கலாம். வயதானவர்களுக்கும், சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு பாதித்தவர்களுக்கும் நாடி தாளமே இல்லாமல் தாறுமாறாக ஓடினால் இன்னும் கவனம் தேவை. அப்போது இதயத்துக்குள் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம் வரும்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குப்பென்ற வியர்வை எது சேர்ந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள்; மயங்கினால் பிடிக்க முடியாது. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ படபடத்துக் கண் இருட்டினாலும், வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும், ஏற்கெனவே இதய நோய் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் அன்றைக்கே போய்விடுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. படபடப்பு நின்றபின் எடுக்கும் ஈசிஜி சுத்தமாக இருக்கலாம். அதை வைத்து "ஒண்ணுமில்ல" என்று முடிவுகட்ட முடியாது. திரும்பத் திரும்ப வந்தால், 24 மணி நேரம் உடம்பில் மாட்டியிருந்து இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி தேவைப்படும். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் சித்த வைத்தியர்கள் நாடி பார்ப்பதுபோல, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சீராக ஓடுகிறதா, தாறுமாறாகவா என்றும் கவனியுங்கள். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்: "ராத்திரி 2 மணி. மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். திடீரென வந்தது. நாடி 160, சீராக இருந்தது. பத்து நிமிடத்தில் சட்டென நின்றது."