பாறைக்குள் இருப்பது நீரா, எண்ணெயா?

பாறைகளில் உள்ள குவார்ட்ஸ், கால்சைட் போன்ற கனிமங்கள் மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்துவதே இல்லை. ஆனாலும் நிலத்தடிப் பாறைகள் பலவற்றில் மின்சாரம் பாய்கிறது. காரணம், அவற்றின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கும் உப்புநீர். ஆகவே பாறையின் மின்தடை எண்ணை அளப்பது என்பது பெரும்பாலும் அதற்குள் இருக்கும் நீரைப் பற்றி விசாரிப்பதுதான். இதன் அலகு ஓம் மீட்டர். கடல்நீருக்கு இது சுமார் 0.2. உப்புநீர் ஊறிய மணற்கல் சில ஓம் மீட்டர் காட்டும். விரிசலற்ற கருங்கல் ஆயிரக்கணக்கில் காட்டும். எண்ணெயும் எரிவாயுவும் மின்சாரத்தைக் கடத்தாதவை. அவை நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மணற்கல்லில் அளவு சட்டென்று ஏறிவிடும்.

கான்ராட் ஷ்லும்பர்ஜே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1912-லேயே நிலத்தின் மேற்பரப்பில் மின்முனைகளை ஊன்றி இதைச் சோதித்திருந்தார். கிணற்றுத் துளைக்குள் கருவியை இறக்கி அளந்தது 1927 செப்டம்பர் 5 அன்று, அல்சாஸ் பகுதியின் பெஷெல்பிரான் எண்ணெய் வயலில். ஆன்ரி டால் தலைமையிலான சிறு குழு, மின்முனைகள் பொருத்திய கருவியைக் கேபிளில் கட்டி இறக்கி, மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, அளவைப் படித்து, கையாலேயே கோடு வரைந்தது. பாறைத் துண்டுகளை வெட்டி மேலே கொண்டுவராமலேயே அடுக்குகளைப் பிரித்தறிய அந்தக் கோடு போதுமாக இருந்தது.

செய்முறை எளிது. ஒரு மின்முனை பாறைக்குள் மின்சாரத்தைச் செலுத்தும். சற்றுத் தள்ளியுள்ள இன்னொன்று மின்னழுத்தத்தைப் பார்க்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட, அளவு பாறைக்குள் இன்னும் ஆழமாக எட்டும்.

தொல்லை தருவது சேறு. துளையிடும்போது உள்ளே செலுத்தப்படும் சேற்றுக் கலவையின் அழுத்தம் பொதுவாகப் பாறையிலுள்ள நீரின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக வைக்கப்படுகிறது. அதனால் சேற்றிலுள்ள களிமண் துளைச் சுவரில் பூச்சாகப் படிய, வடிந்த நீர் பாறைக்குள் புகுந்து அங்கிருந்த நீரையும் எண்ணெயையும் உள்ளே தள்ளிவிடும். துளையை ஒட்டிய பாறை காட்டுவது வந்தேறி நீரின் கதை. இதனால்தான் 16 அங்குலம், 64 அங்குலம் என இரண்டு இடைவெளிகளில் ஒரே நேரத்தில் அளக்கும் வழக்கம் வந்தது. இரண்டு கோடுகளும் பிரிந்தால், நீர் உட்புகுந்த, அதாவது நுண்துளை இணைப்புள்ள பாறை என்று ஊகிக்கலாம். சேறே உப்பாக இருந்தால் மின்சாரம் பாறையை விட்டுத் துளையின் வழியே ஓடிவிடும். அதைத் தடுக்க, காவல் மின்முனைகளை இருபுறமும் வைத்து மின்சாரத்தைத் தகடுபோல் பாறைக்குள் செலுத்தும் கருவி பயன்படுகிறது. எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சேற்றில் மின்முனை வேலை செய்யாது. அதற்குக் கம்பிச்சுருள்களால் பாறையில் மின்னோட்டத்தைத் தூண்டும் கருவியை 1949-இல் டால் விளக்கினார்.

அளவை எண்ணெயின் கணக்காக மாற்றியவர் ஷெல் நிறுவனத்தின் ஆர்ச்சி, ஆண்டு 1942. ஒரு மணற்கல்லில் ஐந்தில் ஒரு பங்கு நுண்துளை என்று கொள்வோம். முழுக்க நீர் இருந்தால், அதன் மின்தடை எண் அந்த நீரினுடையதைப்போல் சுமார் 25 மடங்கு. நீர் 0.2 என்றால் பாறை 5. கருவி 80 காட்டினால், ஆர்ச்சியின் கணக்குப்படி நுண்துளைகளில் கால் பங்குதான் நீர். மீதி எண்ணெய் அல்லது எரிவாயு. களிமண் கலந்த மணலில் இந்தக் கணக்கு தடுமாறும். களிமண்ணே மின்சாரத்தைக் கடத்துவதால், எண்ணெய் இருந்தும் அளவு தாழ்ந்து நிற்கும். நன்னீரோ எதிர்த்திசையில் ஏமாற்றும்: அதுவும் எண்ணெயைப்போல அளவை உயர்த்தும்.

எண்ணெய் தேடுபவருக்குத் தலைவலியான அந்த நன்னீர்தான் தண்ணீர் தேடுபவருக்குத் தேவை. கடலோர மணல் அடுக்குகளில் எந்த ஆழம் உவர், எந்த ஆழம் நல்லது என்பதை இந்தக் கோடு காட்டும். சல்லடைக் குழாயை எங்கே வைப்பது என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். இரும்புக் குழாய் இறங்கிவிட்டால் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும் என்பதால், குழாய் இறக்குவதற்கு முன்பே, துளையில் நீரோ சேறோ நிற்கும்போதே அளந்து முடித்துவிட வேண்டும்.