எரியும் வீடும் மிலான் சதுக்கமும்

இத்தாலியின் மிலான் நகரவாசிகளுக்குப் பேராலயத்தின் முன்னுள்ள துவோமோ சதுக்கம் அத்துப்படி. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட இருவரிடம், அதை நினைவிலிருந்து விவரிக்கச் சொன்னார்கள் பிசியாக், லுத்சாத்தி என்ற ஆய்வாளர்கள். முதலில், எதிர்க்கோடியில் நின்று பேராலயத்தைப் பார்ப்பதாகக் கற்பனை. வலப்புறக் கட்டடங்கள் வரிசையாக வந்தன. இடப்புறத்தவை பெரும்பாலும் விட்டுப்போயின. அடுத்து, பேராலய வாசலில் நின்று எதிர்த்திசையைப் பார்ப்பதாகக் கற்பனை. முன்பு விட்டுப்போனவை இப்போது வலப்புறம் வந்துவிட்டதால் அவற்றைச் சொன்னார்கள். முன்பு சொன்னவை விடுபட்டன.

1978இல் வெளியான ஆய்வு இது. சதுக்கம் நினைவிலிருந்து அழியவில்லை. கற்பனைக்குக் கண்ணும் தேவையில்லை. பழுது வேறெங்கோ இருந்தது. இத்தகைய பாதிப்பில் மருத்துவர்களின் பார்வை முதலில் போவது வலது பரைட்டல் மடலின் பக்கம்தான்.

உச்சந்தலைக்குக் கீழே, சற்றே பின்தள்ளி இருபுறமும் அமைந்திருக்கிறது இந்த மடல். இதற்குப் பின்னால் பார்வைக்கான பகுதி, கீழே செவிக்கான பகுதி. முன்னோரத்து மடிப்புக்கு, உடலின் எதிர்ப்பக்கத் தொடுவுணர்வு வந்து சேர்கிறது. அதில் உதடும் விரல்களும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. அகன்ற முதுகுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். மடலின் பின்பகுதியை ஒரு பள்ளம் மேல், கீழ் என்று பிரிக்கிறது. காபி டம்ளர் எங்கே, கை எங்கே என்று ஒப்பிட்டுக் கையை வழிநடத்துவதில் மேற்பகுதிக்குப் பெரும்பங்கு. கீழ்ப்பகுதியின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் கணக்கும் எழுத்தும் தடுமாறலாம். தன் கையிலேயே மோதிரவிரல் எது என்று சொல்ல முடியாமல் போகலாம். இதை 1920களில் பதிவுசெய்தவர் வியன்னா மருத்துவர் கெர்ஸ்ட்மான்.

இடப்பக்கத்தைக் கைவிடும் சிக்கலோ பெரும்பாலும் வலது மூளைப் பாதிப்பில்தான் தீவிரமாகிறது. வலது மூளை இருபுறமும் கவனம் வைக்கிறது, இடது மூளை முக்கியமாக வலப்புறத்தையே கவனிக்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். இடது மூளை பழுதானால் வலது ஈடுகட்டும். வலது பழுதானால் ஈடுகட்ட ஆளில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுபவர்கள், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்பவர்கள் உண்டு. குறை இருப்பது அவர்களுக்கே தெரியாததால், வீட்டார் இதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கோபப்படுவதும் நடக்கிறது. அது பிடிவாதம் அல்ல.

கைவிடப்பட்ட பாதி மூளைக்கு முற்றிலும் எட்டுவதில்லையா? 1988இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மார்ஷலும் ஹாலிகனும் இத்தகைய ஒரு பெண்ணிடம் இரண்டு வீடுகளின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றின் இடப்பக்கத்தில் மட்டும் தீப்பிழம்பு. இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது, அது அசட்டுக் கேள்வி என்றே அவருக்குப் பட்டது. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டபோது, பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுத்தது எரியாத வீட்டை.