பழைய வேன் வண்டிகளில் எஞ்சின் அதிக உஷ்ணமடைதலும் அதன் காரணமறியும் முறையும்

அறந்தாங்கி வட்டாரத்தில் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் விளையும் நெல்லும், தோப்புகளின் தேங்காயும், கீரமங்கலம் பக்கத்துப் பூவும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் இறங்கும் மீனும் இன்று பெரும்பாலும் சிறு வேன் வண்டிகளிலேயே சந்தைக்குச் செல்லுகின்றன. புது வண்டியின் விலை கொடுக்க இயலாத குடியானவர் பலர் கைமாறிய பழைய வண்டிகளை வாங்குகின்றனர். 2005-ல் வெளிவந்த டாடா ஏஸ், 2019-ல் உற்பத்தி நின்ற மாருதி ஆம்னி ஆகியவற்றில் பல இவ்வாறு ஓடுகின்றன. இவ்வண்டிகளுக்கு நேரும் பிணிகளுள் மிகுந்த நஷ்டம் விளைவிப்பது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுதலாகும். வழியில் நின்றுவிட்ட வண்டியில் பூ வாடும், மீன் கெடும். சூட்டைப் பொருட்படுத்தாது ஓட்டினாலோ எஞ்சினே பாழாகும்.

எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகமே வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. ஒரு பாகம் புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பாகத்தை நீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்தல் வேண்டும். வாட்டர் பம்ப் நீரை ஓட்டுகிறது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரி வெப்பத்தில் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடுகிறது. விசிறி காற்றை இழுக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை அடக்கி வைப்பதால் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை தாங்குகிறது. இவற்றுள் எது பழுதுற்றாலும் விளைவு ஒன்றே. ஆதலின், சூடு எப்பொழுது ஏறுகிறது என்பதைக் கவனித்தலே காரணமறிதற்கு முதற்படியாகும்.

நின்றிருக்கும்போதும், சந்தைத் தெருவில் மெதுவாய் ஊரும்போதும் சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது தணியுமாயின், குற்றம் விசிறியினிடத்தே என்று கொள்ளலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், மின்விசிறியாயின் அதன் மோட்டாரோ, ஃபியூஸோ, சூட்டையறிந்து இயக்கும் சுவிட்சோ கெட்டிருக்கலாம். இதற்கு மாறாக, பாரம் ஏற்றி வேகமாய் ஓடும்போது சூடேறினால், ரேடியேட்டர் அடைபட்டிருத்தல், பம்பின் இறக்கை அரித்துப் போதல், கீழ் ஹோஸ் மெலிந்து உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவற்றை ஐயுறுதல் வேண்டும். எஞ்சின் போட்ட சில நிமிடங்களிலேயே சூடேறி, மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்குமாயின், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருத்தல் கூடும். மேல் ஹோஸ் கொதித்தும் கீழ் ஹோஸ் குளிர்ந்தும் இருந்தால் ரேடியேட்டரில் ஓட்டம் குறைவென்று பொருள்.

செலவு குறைந்த சோதனைகளை முதலில் செய்தலே முறை. எஞ்சின் நன்கு குளிர்ந்தபின் நீரின் அளவைப் பார்க்க வேண்டும். ஹோஸ் இணைப்புகளிலும் பம்பின் அடியிலும் கசிவுத் தடம் உண்டா என நோக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் நெற்களத்திலும், நெல் காயும் சாலையிலும் சென்ற வண்டிகளில் தூசும் பதரும் வைக்கோலும் ரேடியேட்டரின் இதழ்களில் அடைந்துகொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து மெல்லிய நீர் பாய்ச்சி அவற்றை வெளியேற்றலாம். இவ்வளவிலேயே பல வண்டிகள் குணமடையும். புதிதாய் நீர் நிரப்பியபின் சூடேறுமாயின், உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். ஆசனத்தின் அடியில் எஞ்சின் அமைந்து, குழாய்கள் நீண்டு செல்லும் வேன்களில் இதனைக் கவனித்து வெளியேற்றுதல் அவசியம். நீர் மிகவும் குறைந்துவிட்டால் உஷ்ணமானி உண்மையைக் காட்டாமலும் போகலாம். ஆகையால் முள்ளை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

வெளிக்கசிவு ஏதுமின்றி நீர் குறைந்துகொண்டே வருதல், சூடான பின்னரும் வெண்புகை நில்லாமை, ஆயில் பாலைப்போல் வெளுத்தல், குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து எஞ்சின் போட்டால் குமிழிகள் தொடர்ந்து எழுதல் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதின் அடையாளங்கள். இந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டாது பட்டறைக்குக் கட்டி இழுத்துச் செல்வதே சிக்கனம். ஓட்டினால் ஹெட் வளைந்து, சிறு செலவு பெருஞ்செலவாகும்.

வழக்கில் உள்ள சில தவறுகள் விலக்கத்தக்கவை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுதல் அவற்றுள் ஒன்று. இதனால் எஞ்சின் தகுந்த சூடு பெறாது எரிபொருள் மிகுதியாய்ச் செலவாகும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியே சுற்றிச் சூடு மேலும் ஏறும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றுதல் மற்றொன்று. அடுப்புப் பாத்திரத்தில் உப்புப் படிவதுபோல் உட்புறம் சுண்ணம் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். காய்ச்சி வடித்த நீருடன் கூலண்ட் கலந்து பயன்படுத்தலே நன்று. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் நீராவி பீறிட்டு முகமும் கையும் வெந்துபோகும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பும் வெடிக்கும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. வடித்த கூலண்டைத் தொழுவத்தருகே கொட்டினால் மாடும் நாயும் குடித்து மடியும்.

பழைய வண்டி வாங்குவோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்த்தல் வேண்டும். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருப்பின் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதே அறிவுடைமை. ரேடியேட்டர் நீரின் துரு நிறத்தையும் ஆயில் மூடியின் உட்புறத்தையும் பார்த்து, பாரத்துடன் அரைமணி நேரமாவது ஓட்டி, பின் சிறிது நேரம் நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தபின் விலை பேசலாம். ஓட்டும்போது முள் சிவப்பை நெருங்கினால் ஓரமாய் நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். அரைமணிப் பொறுமை ஒரு போகத்து வருமானத்தைக் காப்பாற்றும் என்பதை வண்டியுடையோர் மனத்திற்கொள்வாராயின், இந்நஷ்டம் பெரிதும் குறையும் என்பது திண்ணம்.